பெரட்டுக் களமும் கோயில் வாசலும்

விடிவதற்கு முன்பே தோட்டத்தில் பெரட்டு தொடங்கிவிடும். மண்டோர் பெயர் வாசிப்பார். வந்திருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். இன்று யாருக்கு எந்த நிரை, எந்த வேலை என்று பிரித்துக் கொடுத்ததும் கூட்டம் கலைந்து லாரியில் ஏறும். சற்று நேரத்தில், லயத்துக்கு அந்தப் பக்கமிருந்து மாரியம்மன் கோயில் மணி கேட்கும். உலு யாம், பத்தாங் காலி, ராசா, களும்பாங் தொடங்கி கோல சிலாங்கூர் வரை விரிந்து கிடக்கும் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு ஓசைகளும் பழகியவை. ஒன்று வயிற்றுக்காக அழைக்கும், மற்றொன்று மனசுக்காக.

2020 மார்ச் 18 அன்று, கோவிட்-19 பெருந்தொற்றால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது இந்த இரண்டு ஓசைகளும் வேறு வேறு வழியில் போயின. கோயில் கதவு பக்தர்களுக்கு மூடப்பட்டது. உணவுப் பொருள் விநியோகம் தடைபடக் கூடாது என்பதால் செம்பனைத் தோட்டங்கள் நிபந்தனைகளோடு இயங்க அனுமதி பெற்றன. பெரட்டு தொடர்ந்தது, ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் மூடுவதும் திறப்பதுமாகவே கழிந்தன.

வேலைத்தளத்தையும் வழிபாட்டுத் தலத்தையும் பாதுகாப்பாகத் திறப்பது எப்படி என்ற கேள்வி உலகம் முழுவதும் கேட்கப்பட்டது. பெரும்பாலும் அவை இரண்டு தனிக் கோப்புகளாகவே கையாளப்பட்டன. தோட்டத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. ஒரே மண், ஒரே மழை, ஒரே மாவட்டச் சுகாதார அலுவலகம். பல வீடுகளில், காலையில் வேலைக்குப் போகிறவரும் மாலையில் கோயிலுக்குப் போகிறவரும் ஒரே கூரையின் கீழ் உறங்குகிறவர்கள். ஆகவே, இரண்டுக்கும் இடையே தெரியும் வேறுபாடு அந்தந்த இடத்தின் இயல்பிலிருந்து வருகிறது என்று துணிந்து சொல்லலாம். இந்த ஒப்பாய்வை இங்கே நடத்துவதற்குக் காரணம் அதுதான்.

ஒரே மண், இரண்டு கூட்டம்

பெஸ்தாரி ஜெயாவுக்கு முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். அதன் அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. ரப்பருக்கும் பின்னர் செம்பனைக்கும் இந்தப் பகுதியைத் திருத்தியவர்களில் பெரும்பங்கு கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். லயத்தில் குடியேறிய கையோடு அவர்கள் ஒரு மாரியம்மனையோ முனியாண்டியையோ நிறுத்தினார்கள். தகரக் கூரையில் தொடங்கிய அந்தச் சந்நிதிகள்தான் பின்னாளில் கோபுரம் கண்டன.

இன்று அந்த மண்ணில் யார் வேலை செய்கிறார்கள், யார் கும்பிடுகிறார்கள் என்று பார்த்தால் இரண்டும் வெவ்வேறு கூட்டங்கள். குலை வெட்டுவதிலும் உரம் போடுவதிலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளிகள், இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் எனப் பலர் இருக்கிறார்கள். உள்ளூர்த் தமிழர்களில் மிஞ்சியிருப்பவர்களைப் பெரும்பாலும் மண்டோராக, லாரி ஓட்டுநராக, கிராணியாக, ஆலைப் பணியாளராகப் பார்க்கலாம். மற்றவர்கள் தோட்டம் விற்கப்பட்டோ வேலை தேடியோ பத்தாங் காலி, புக்கிட் பெருந்துங், ரவாங் போன்ற இடங்களின் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு வீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராடிய கதை உலு சிலாங்கூரில் எல்லோருக்கும் தெரியும். வீடு இடம் மாறினாலும் குலதெய்வம் இடம் மாறுவதில்லை. திருவிழா என்றால் எல்லாரும் பழைய தோட்டத்துக்கே திரும்புகிறார்கள்.

இந்த வேறுபாட்டைத் தொற்றுநோயின் கண்ணால் பார்க்க வேண்டும். பெரட்டில் தினமும் கூடுவது ஒரு சிறு கூட்டம், முகங்கள் மாறுவதில்லை. கோயிலில் எப்போதாவது கூடுவது பெருங்கூட்டம், பல ஊர்களிலிருந்து வந்து கலைந்து போகிறவர்கள். முதலாவதில் கிருமி நுழைந்தால் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். இரண்டாவதில் நுழைந்தால் ஒரே இரவில் பத்து ஊர்களுக்குப் போய்ச் சேரும். முதலாவதற்கு அடிக்கடி பரிசோதனை தேவை. இரண்டாவதற்கு வந்தவர் யார், எங்கிருந்து வந்தார் என்ற பதிவு தேவை. இரண்டு வாசலிலும் ஒரே அறிவிப்புப் பலகையைத் தொங்கவிட்டதில் இந்த வேறுபாடு மறைந்துபோனது.

இரண்டுக்கும் பெரிய உதாரணங்கள் உண்டு. 2020 பிப்ரவரி இறுதியில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த சமயக் கூட்டத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்திருந்தார்கள். அப்போது கட்டுப்பாடு எதுவும் இல்லை, ஆபத்தின் அளவும் வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஊர் திரும்பியபின் அந்தத் தொற்றுத் திரளில் மட்டும் 3,375 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் சென்னையில், கோயம்பேடு சந்தையிலிருந்து சுமைதூக்கும் தொழிலாளர்களும் வியாபாரிகளும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் திரும்பியபோது நோயும் கூடவே போனது. ஒன்று வழிபாட்டிடம், மற்றொன்று வேலையிடம். இரண்டிலும் நோயை ஊர் ஊராகக் கொண்டுபோனது வீடு திரும்பும் பயணம்தான். அந்தப் பழியை எந்த மதத்தின் மீதும் எந்தத் தொழிலின் மீதும் ஏற்றிச் சொல்வது அநியாயம்.

எது முதலில் திறந்தது?

கால வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரசின் மனம் தெரிகிறது. 2020 மே 4-இல் நிபந்தனைக்குட்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பெரும்பாலான தொழில்கள் திறந்தன. கோயில்கள் காத்திருந்தன. ஜூன் 10-இல் மீட்சிக் கட்டம் தொடங்கிய நாளில்தான் முஸ்லிம் அல்லாதோரின் வழிபாட்டுத் தலங்களுக்குக் கதவு திறந்தது. அதுவும் முதலில் பசுமை மண்டலங்களில் இருந்த 174 தலங்களுக்கு மட்டும், ஒரு நேரத்தில் 30 பேருக்கு மேல் இல்லை என்ற வரம்போடு.

2021-இலும் அதே வரிசைதான். ஜனவரி 13-இல் சிலாங்கூரில் கட்டுப்பாடு மீண்டும் இறுகியது. ஜூன் 1 முதல் நாடு முழுவதும் முழு முடக்கம் வந்தது. அப்போதும் தோட்டத் துறை அத்தியாவசியப் பட்டியலில் இருந்தது. ஆகஸ்டு 26 அன்று நாட்டில் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த ஆண்டில் பரவல் உச்சத்தைத் தொட்ட நாள் அது. தடுப்பூசி போட்டவர்கள் கூடக்கூடத்தான் கதவுகள் அகலத் திறந்தன. அக்டோபர் 11-இல், பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி போட்ட நிலையில், மாநில எல்லைகள் திறக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 1 முதல் நாடு, நோயோடு வாழப் பழகும் எண்டமிக் கட்டத்துக்கு மாறியது.

வேலை முதலில், வழிபாடு பிறகு என்ற வரிசையைக் குறைசொல்லிவிட முடியாது. செம்பனைக் குலை காத்திருக்காது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று வெட்டியாக வேண்டும். பழுத்த குலையை மரத்தில் விட்டால் பழம் உதிரும், எண்ணெயின் தரமும் கெடும். சம்பளம் நின்றால் லயத்தில் அடுப்பெரியாது. ஆனால் இந்த வரிசை கவனத்தையும் சேர்த்தே மாற்றியது. கூட்டம் என்றால் கோயில், ஆபத்து என்றால் திருவிழா என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. 2021-இல் கண்டறியப்பட்ட புதிய தொற்றுத் திரள்களில் பெரும்பகுதி வேலைத்தளங்களோடு தொடர்புடையது என்று சுகாதார அமைச்சு நாள்தோறும் வெளியிட்ட அறிக்கைகளே காட்டின. முதலில் திறந்த இடத்தில்தான் நோய் அதிகம் திரண்டது. வேலை செய்தவர்கள் ஒழுங்கீனர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மூடாத இடத்தில்தான் மனிதர்கள் தினமும் ஒன்றாக இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழி முயலப்பட்டது. 2020 ஜூலையில், ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறைவான சிற்றூர் வழிபாட்டுத் தலங்கள் திறக்க அனுமதிக்கப்பட்டன. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 வரை காத்திருந்தன. வருமானத்தை அளவுகோலாக வைத்தது விசித்திரமாகத் தோன்றலாம். அதற்குள் ஓர் அறிவு இருக்கிறது. வெளியூரிலிருந்து ஆள் வராத கோயிலில்தான் உண்டியல் சிறிதாக இருக்கும். பத்துமலையையும் ஒரு தோட்டத்து முனியாண்டி சந்நிதியையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதை அந்த விதி புரிந்துவைத்திருந்தது. வட சிலாங்கூரின் சிறு தோட்டக் கோயில்களுக்கும் அப்படி ஒரு தனி வழி வகுத்திருக்கலாம்.

வெப்பமானி சொல்லாதது

இரண்டு வாசலிலும் ஒரே சடங்கு நடந்தது. நெற்றிக்கு நேரே வெப்பமானி, கையில் கிருமிநாசினி, சுவரில், வருகையைக் கைப்பேசியில் பதியும் மைசெஜாத்ரா செயலியின் கட்டம். வெப்பம் 37.5 பாகைக்கு மேல் இருந்தால் உள்ளே விடக் கூடாது. தோட்ட அலுவலகத்தில் கிராணி செய்ததை, கோயிலில் நீல நிறச் சட்டை போட்ட இளம் தொண்டர் செய்தார்.

இந்த நோய் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அறிகுறியே இல்லாமலும் பரவும். வெப்பமானி காய்ச்சலைப் பிடிக்கும், தொற்றைப் பிடிக்காது. இரண்டு வாசலையும் அது ஒரே மாதிரி ஏமாற்றியது. நெற்றியைக் காட்டிவிட்டோம், இனிக் கவலையில்லை என்ற நிம்மதிதான் அதில் ஆபத்தானது.

பதிவேட்டில் மட்டும் பெரிய வேறுபாடு இருந்தது. வேலைத்தளத்துக்குப் பெயர் எழுதுவது புதிதல்ல. நூறாண்டுகளாகப் பெரட்டு செய்துவருவதே அதுதான். ஆள் எத்தனை, எந்த நிரையில் யார் யார், எந்த லாரியில் எத்தனை பேர் என்ற கணக்கு ஏற்கெனவே இருந்தது. ஒருவருக்குத் தொற்று உறுதியானால் அவரோடு இருந்தவர்களை மாலைக்குள் கண்டுபிடித்துவிடலாம். கோயிலில் யாரையும் பெயர் கேட்டு உள்ளே விடும் வழக்கமில்லை. சாமி எல்லாருக்கும் பொது என்பதே அதன் அறம். அதனால் கைப்பேசி இல்லாத பாட்டிக்காகக் கோயிலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் கிறுக்கிய பெயர், பாதி எண்கள் மட்டும் எழுதிய தொலைபேசி எண். பயன்பட வேண்டிய நாளில் அந்த நோட்டு எத்தனை பேரைக் காப்பாற்றும்?

காற்று எங்கே நின்றது

தொடக்கத்தில் எல்லாரும் கையைக் கழுவுவதிலேயே கவனம் வைத்தோம். கோயில் தூண்களைத் துடைத்தோம், அரிவாள் பிடியைத் துடைத்தோம். நெருக்கமான, காற்றோட்டமில்லாத உள்ளிடங்களில் கிருமி காற்றில் மிதந்து பரவும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாக எழுதியது 2021-இல்தான். அந்த அறிவோடு தோட்டத்தையும் கோயிலையும் மறுபடி சுற்றிப் பார்ப்போம்.

செம்பனை நிரையில் வேலை செய்கிறவரைவிடப் பாதுகாப்பாக யாரும் இருந்திருக்க முடியாது. மரத்துக்கு மரம் எட்டு ஒன்பது மீட்டர் இடைவெளி. மேலே வானம். நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி வெட்டுகிறவர் பக்கத்தில் இன்னொருவர் நிற்கவே முடியாது. அரசு சொன்ன கூடல் இடைவெளியை மரங்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே வகுத்துவைத்திருந்தன. ஆலைக்குள் நிலைமை வேறு. இயந்திர இரைச்சலில் காதருகே வந்து கத்தித்தான் பேச வேண்டும். கத்திப் பேசும்போது வாயிலிருந்து வரும் நுண்துளிகள் அதிகம். சிற்றுண்டிச் சாலையில் முகக்கவரியைக் கழற்றியாக வேண்டும்.

கோயிலிலும் இதே வரைபடம்தான். பக்கச் சுவரில்லாத முன்மண்டபம் செம்பனை நிரையைப் போன்றது. கருவறையும் அர்த்தமண்டபமும் ஆலையின் கட்டுப்பாட்டு அறையைப் போன்றவை: ஒரே வாசல், சன்னலில்லாத கல் சுவர், தேங்கி நிற்கும் கற்பூரப் புகை. தீபாராதனை நேரத்தில் எல்லாரும் கம்பித் தடுப்பருகே நெருங்குவார்கள். உறுமி மேளம் முழங்கும், கூட்டம் சேர்ந்து பாடும், அருள் வந்தவர் குரலெடுத்துச் சொல்வார். இரைச்சல் உள்ள இடத்தில் மூச்சும் பெருகுகிறது. ஆலைக்குச் சொன்னது கோயிலுக்கும் பொருந்துகிறது.

ஆக, தோட்டம் ஆபத்தா கோயில் ஆபத்தா என்று கேட்பதில் பயனில்லை. தோட்டத்துக்குள் ஒரு பாதுகாப்பான இடமும் ஓர் ஆபத்தான இடமும் இருக்கின்றன, கோயிலுக்குள்ளும் அப்படியே. பல கோயில்கள் இதைத் தாமாகவே கண்டுகொண்டன. உற்சவரை முன்மண்டபத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே பூசை செய்தன. விபூதியைக் கையில் கொடுக்காமல் தட்டில் வைத்தன, தீர்த்தத்தை நிறுத்தின. சாமியைக் காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துவருவது ஆகமத்துக்குப் புதிதும் அல்ல. உற்சவ மூர்த்தி என்ற ஏற்பாடே வெளியே வருவதற்காக உண்டானதுதானே.

வாசலுக்கு வெளியே

இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் உறுத்துவது இந்தப் பகுதி. இரண்டு இடங்களிலும் விதிகள் வாசலில் தொடங்கி வாசலில் முடிந்தன. வாசலைத் தாண்டியதும் மனிதர் எங்கே போகிறார் என்று விதி கேட்கவில்லை.

நிரையில் எட்டு மீட்டர் தள்ளி நின்றவர்கள், வேலைக்கு வந்தது ஒரே லாரியின் பின்புறத்திலோ கண்ணாடி ஏற்றிய வேனிலோ. வேலை முடிந்து போவதும் ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்ட விடுதிக்கு. 2020 நவம்பரில் கிள்ளான் மேருவில் வெடித்த தெராத்தாய் தொற்றுத் திரள் இதை நாட்டுக்கே காட்டியது. கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பாதிக்கப்பட்டார்கள். உலகத்துக்குப் பாதுகாப்புக் கையுறை செய்து கொடுத்த கைகள், இரவில் நெருக்கியடித்து உறங்க வேண்டியிருந்தது. ஆலைக்குள் என்ன விதி கடைப்பிடித்தாலும், அதே ஆட்கள் ஒரே அறையில் மூச்சுவிட்டு உறங்கினால் பகலின் இடைவெளியை இரவு அழித்துவிடும்.

இந்தப் பாடம் தோட்டங்களுக்குப் புதிதல்ல என்பதுதான் வேதனை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் மலேரியா தொழிலாளர்களை அள்ளிக்கொண்டு போனபோது, மருத்துவர் மால்கம் வாட்சன் கொய்னா கொடுப்பதோடு நின்றுவிடவில்லை. எங்கே சதுப்பை வடிக்க வேண்டும், எங்கே லயம் கட்டக் கூடாது என்று நிலத்தைப் படித்தார். நோயைத் தடுப்பதில் வீடு எங்கே இருக்கிறது என்பதும் ஒரு மருந்து என்று அன்றே நிரூபணமானது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுத்த 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டமும் முதலில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. 2019-இல் திருத்தப்பட்டு மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. கூட்டு விடுதியில் ஆளுக்கு மூன்று சதுர மீட்டர் உறங்குமிடமாவது வேண்டும் என்ற விதி பெருந்தொற்றின் நடுவில்தான் நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் பட்ட பாட்டிலிருந்து பிறந்த சட்டம் ஆலைத் தொழிலாளர்களுக்கும் கை கொடுத்தது. ஆனால் கொஞ்சம் தாமதமாக.

கோயிலின் லாரியும் விடுதியும் எவை? ஒன்று அன்னதானக் கூடம். மற்றொன்று உறவினர் வீடு. 30 பேர் என்ற வரம்பைக் கோயில் காத்தது. தரிசனம் முடித்த 30 பேரும் அடுத்த தெருவில் அத்தை வீட்டுக்குப் போய் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த வரம்பு எதைக் காத்தது? 2020 தீபாவளி நவம்பர் 14 அன்று, சிலாங்கூர் நிபந்தனைக் கட்டுப்பாட்டில் இருந்தபோதே வந்தது. அன்று கோயிலைவிட வீட்டுக் கூடங்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியிருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2021 தைப்பூசம் ஜனவரி 28 அன்று வந்தது. மாவட்ட எல்லை தாண்டத் தடை. உலு யாமிலிருந்து சுங்கை துவா சாலையில் இறங்கினால் பத்துமலை அருகில்தான். ஆனால் உலு சிலாங்கூர் ஒரு மாவட்டம், பத்துமலை இருக்கும் கோம்பாக் வேறொரு மாவட்டம். வெள்ளி ரதம் பக்தர் கூட்டமில்லாமல் விடியலுக்கு முன்பே பத்துமலைக்குப் போனது. ஆண்டுதோறும் காவடி எடுத்தவர்கள் வீட்டு வாசலில் பால் குடம் வைத்துக் கும்பிட்டார்கள். வாசலுக்கு வெளியே நடப்பதைக் கட்டுப்படுத்தினால்தான் நோய் அடங்கும் என்பதை அவர்கள் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டார்கள். அந்த அளவு தியாகத்தை வேலைத்தளங்களின் லாரிகளிடமும் விடுதிகளிடமும் யாரும் கேட்கவில்லை.

மறைக்க வைத்த இரண்டு காரணங்கள்

காய்ச்சல் வந்தால் சொல்ல வேண்டும். இந்த ஒரு செயல் எந்த வெப்பமானியையும்விட வலிமையானது. தோட்டத்திலும் கோயிலிலும் சொல்லத் தயங்கியவர்கள் இருந்தார்கள். காரணம்தான் வேறு வேறு.

தோட்டத்தில் காரணம் சம்பளம். 2020-இல் நகராண்மைப் பகுதிகளுக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. வெட்டிய குலைக்குக் கூலி வாங்குகிறவருக்கு வெட்டாத நாள் வெறும் நாள். வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு ஆண்டுக்கு 14 நாள். ஒரு தடவை தனிமைப்படுத்தினாலே அது தீர்ந்துபோகும். அறையில் கூட இருக்கும் எட்டுப் பேரும் தன்னால் அடைபடுவார்களே என்ற குற்ற உணர்வு வேறு. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய இளைஞர் இருமலை விழுங்கிக்கொண்டு பெரட்டில் நின்றார் என்றால், அவரைக் குறைசொல்வதற்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கோயிலில் காரணம் மானம். நம் கோயிலால் நோய் பரவியது என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. ஆலயத் தலைவருக்கு அவப்பெயர், சாமிக்கே அவப்பெயர். 2021 மார்ச்சில் விதிமீறலுக்காகத் தனிநபருக்கு விதிக்கப்படும் உச்ச அபராதம் 10,000 வெள்ளியாக உயர்ந்தபோது, சிறு தோட்டக் கோயில்களின் நிர்வாகத்துக்கு அச்சம் இன்னும் கூடியது. ஒரு கோயிலின் சில மாத உண்டியல் வருமானமே அதற்குப் போதாது.

சம்பளப் பயத்தைப் பணத்தால் தீர்க்கலாம். தனிமைப்படுத்தப்பட்ட நாள்களுக்கு முழுக் கூலி கொடுப்பது ஒரு முதலாளிக்குச் செலவுதான், ஆனால் முடியாத செலவல்ல. மானத்தைப் பணத்தால் தீர்க்க முடியாது. தலைவர் எழுந்து நின்று, எங்கள் கோயிலில் ஒருவருக்குத் தொற்று இருந்தது, அன்று வந்தவர்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லும் துணிவால்தான் தீரும். அப்படிச் சொன்ன கோயில்களை ஊர் தூற்றாமல் பாராட்டியிருக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது

தோட்டத்துக்கு முதலாளி உண்டு. சட்டம் அவரைப் பிடித்து நிறுத்தலாம், தொழிற்சங்கம் அவரிடம் கேட்கலாம். 1954 முதல் இயங்கிவரும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் போன்ற அமைப்புகள் அதற்குத்தான் இருக்கின்றன. பரிசோதனைச் செலவையும் தடுப்பூசிக்கான போக்குவரத்தையும் முதலாளி ஏற்க முடியும். சிலாங்கூர் மாநில அரசின் செல்வாக்ஸ் திட்டம் வேலைத்தளங்கள் வழியாகவும் தடுப்பூசியைக் கொண்டுபோனது. இந்த வசதி தோட்டக் கோயிலுக்கு இல்லை. அதை நடத்துகிறவர்கள் பகலில் வேறு வேலை செய்யும் தொண்டர்கள். கிருமிநாசினி வாங்கியதும் அவர்களின் சொந்தக் காசில்தான்.

ஆனால் தோட்டத்திடம் இல்லாத ஒன்று கோயிலிடம் இருந்தது. எந்த வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை நோய், எந்தக் குடும்பம் கேட்கக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடக்கிறது என்பது கோயில் நிர்வாகத்துக்குத் தெரியும். 2021-இன் நடுப்பகுதியில் உதவி தேவைப்பட்டவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய நாள்களில், அரிசி மூட்டையோடு முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் இப்படிப்பட்ட தொண்டர்கள் பலர் இருந்தார்கள். கதவு மூடியிருந்தாலும் கோயில் மூடியிருக்கவில்லை.

கோயிலும் ஒரு வேலைத்தளம் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பணி அனுமதியில் வந்த குருக்கள், தவில் நாதஸ்வரக் கலைஞர்கள், மாலை கட்டுகிறவர்கள், மடப்பள்ளியில் சமைப்பவர்கள் எல்லாரும் தொழிலாளர்கள்தான். திருவிழா நின்றபோது இவர்களின் வருமானமும் நின்றது. தீபாராதனைத் தட்டை நீட்டி நாள்முழுதும் நூறு பேர் முன்னால் நின்ற குருக்களைப் போல ஆபத்தை நேரே எதிர்கொண்டவர்கள் குறைவு. வழிபாட்டுத் தலத்துக்கான விதிகள் பக்தரைக் காக்க எழுதப்பட்டன. அங்கே வேலை செய்கிறவரைக் காக்கும் வரிகள் அதில் குறைவு. தொழிலாளர் பாதுகாப்பு என்ற சொல் கோயில் வாசலிலேயே நின்றுவிட்டது.

காப்புக் கட்டிய ஊர்

இன்னொரு பெருந்தொற்று வரும் என்பதில் ஐயமில்லை, எப்போது என்பதுதான் தெரியாது. அப்போது கதவுகளை மூடுவதைவிடத் திறப்பது கடினமாக இருக்கும். ஒரு தோட்டத்துக்கு இரண்டு கோப்பு போதாது. தோட்ட நிர்வாகம், ஆலய நிர்வாகம், தொழிற்சங்கம், மாவட்டச் சுகாதார அலுவலகம் நான்கும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரே திட்டம் வகுக்க வேண்டும். லாரிக்கு எத்தனை பேர், விடுதியில் கட்டிலுக்குக் கட்டில் எவ்வளவு இடம், காய்ச்சல் என்று சொன்னவருக்குக் கூலி எப்படி, பூசை எங்கே, சாப்பாடு எங்கே என்று ஒரு தாளில் எழுதினால் போதும். சன்னலைத் திறப்பதும் ஆளை எண்ணுவதும் பெரிய செலவு கேட்கும் வேலைகள் அல்ல.

இப்படிக் கட்டுப்பட்டு நடப்பது நமக்குப் புதிதல்ல. மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால், காப்புக் கட்டியவர் ஊரைவிட்டு வெளியே போய் இரவு தங்கமாட்டார். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்த விருந்தாளி மனத்தாங்கல் இல்லாமல் திரும்பிப் போவார். உள்ளே ஒருவர் படுத்திருக்கிறார், அவருக்கு ஓய்வு வேண்டும், உனக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று அந்த வேப்பிலை சொல்லும். வெட்கம் எதுவும் அதில் இல்லை. நோயை ஒளிக்காமல் ஊருக்குச் சொல்லவும், சொன்ன வீட்டை ஒதுக்காமல் கஞ்சி கொண்டுபோய் வாசலில் வைக்கவும் நமக்குப் பழக்கம் இருந்தது. வைரஸ் என்ற சொல்லை அறியாத நம் பாட்டிகள் இதைச் செய்தார்கள். அறிந்த நாம் காய்ச்சலை மறைத்தோம்.

பெரட்டில் ஒரு பெயருக்குக் குரல் வராவிட்டால் அது ஒரு நாள் கூலிக் கழிவாகக் குறிக்கப்படும். கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை வராவிட்டால் அடுத்த வாரம் நாலு பேர் கேட்பார்கள்: ‘‘ஏன்மா வரல, உடம்புக்கு என்ன?’’ இரண்டையும் இவ்வளவு தூரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் எனக்குக் கிடைத்த விடை இதுதான். கோயில் பெரட்டைப் போல எண்ணட்டும். பெரட்டு கோயிலைப் போல விசாரிக்கட்டும்.